தெற்குக் காற்றுக்கு ஒரு நங்கூரம்

புதுச்சேரியில் பாய்மரப் படகு வைத்திருக்கிறேன் என்று சொன்னால், அதை எங்கே நிறுத்துகிறாய் என்பதே பெரும்பாலும் அடுத்த கேள்வியாக வரும். கேள்வி நியாயமானதுதான். கடற்கரைச் சாலைக்கு எதிரே இருப்பது திறந்த கடல். ஒதுங்க ஓர் இயற்கைத் துறைமுகம் அங்கே இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் கரையை விட்டு விலகி நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் சலங்கு என்ற படகுகளில் அலையைத் தாண்டி வந்து போனார்கள். 1761 ஜனவரி முதல் நாள் இரவு அடித்த புயலில், ஊரை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களில் மூன்று மூழ்கின, மூன்று கரையில் மோதின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் கப்பல்களுக்கே அந்தக் கதி என்றால், 22 அடிப் படகு ஆற்றுக்குள் ஒளிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் படகு தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சற்று உள்ளே, அரியாங்குப்பம் ஆற்றில், அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஒரு திட்டின் மறைவில் நிற்கிறது. கிழக்கே திட்டு இருப்பதால் கடல் அலை நேராக வராது. ஆனால் வடக்கிலும் தெற்கிலும் ஆறு நீளவாக்கில் திறந்து கிடப்பதால், அந்த இரண்டு திசைகளிலிருந்து காற்று அடித்தால் தடுக்க எதுவுமில்லை. ஆற்றின் அடியில் நானே இறக்கிய 500 கிலோ கான்கிரீட் கட்டைதான் அந்நாள்வரை என் முழு நம்பிக்கை. கான்கிரீட் தண்ணீருக்குள் போனால் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும் என்பதையும், படகைப் பிடித்திருப்பது உண்மையில் 300 கிலோவுக்கும் குறைவான எடைதான் என்பதையும் நான் கணக்கிட்டுப் பார்த்ததே ஃபெஞ்சல் புயலின்போதுதான்.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை காலைவரை அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றுதான் செய்தி இருந்தது. அதை நம்பிப் பாயை அவிழ்த்துக் கரையேற்றியதோடு, வடக்கே ஒரு நங்கூரத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். நங்கூரக் கயிற்றின் கணக்கு எளியது: மூன்று மீட்டர் ஆழம், நீர் ஏறினால் இன்னொரு மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் முன் அணியம்வரை ஒரு மீட்டர், ஆக ஐந்து, அதைப்போல் ஏழு மடங்கு, 35 மீட்டர். கயிறு நீளமாக இருந்தால்தான் இழுப்பு படுக்கைவாட்டில் சென்று நங்கூரம் சேற்றில் புதையும். குட்டையாக இருந்தால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். அன்று பிற்பகலில் அது புயலாக வலுப்பெற்றது. காற்றின் வேகம் இரு மடங்கானால் படகின் மேல் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதை அந்தச் செய்தியைக் கேட்டபோது நினைத்துக்கொண்டேன்.

தன் ஃபைபர் படகை டிராக்டர் வைத்துக் கரையேற்றிவிட்டு வந்த பக்கத்து அண்ணன் ஒருவர், நான் கட்டியிருந்ததைக் கரையில் நின்றபடியே பார்த்தார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர்.

"வடக்கால மட்டும் போட்டிருக்கியே தம்பி, தெக்கால எங்க?"

"வாடைதானே அண்ணே அடிக்கப்போகுது?"

"மொதல்ல வாடை. பொறவு?"

பிறகு என்ன என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான், படகுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கவில்லை. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வது. அதன் மையம் கிழக்கே இருக்கும்வரை நமக்கு வடக்கிலிருந்து காற்று வரும், மையம் நம்மைக் கடந்து மேற்கே போய்விட்டால் தெற்கிலிருந்து வரும். சனிக்கிழமை காலை, கொட்டும் மழையில், அவரே வந்து உதவ, இரண்டாவது நங்கூரத்தைத் தெற்கே இறக்கினோம். என் கயிற்றுச் சுருள்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார் என்பதையும் எழுதிவிடுவதே நேர்மை.

அன்றிரவு நான் படகிலேயே தங்கினேன். அது சரி என்று யாரிடமும் வாதிட மாட்டேன். வீட்டிலும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தங்கியதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம் கயிறு தேய்வது. காற்றில் கயிறு அறுந்துவிடும் என்றே பலரும் அஞ்சுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது அறுவதில்லை, அணியத்தில் வளைந்து இறங்கும் இடத்தில் உரசி உரசித் தேய்ந்துபோகிறது. ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது, உரசல் தாங்கும் என்று நான் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழாய் நழுவிக் கீழே போயிருந்தது, கயிற்றின் வெளிப்புரி பஞ்சாகியிருந்தது. குழாயை விட்டுவிட்டுப் பழைய கைலி ஒன்றைக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன். நைலான் கயிறு இழுபட்டு நீளும்போது உள்ளுக்குள் சூடாகும்; துணியில் மழைநீர் ஊறி அந்தச் சூட்டைத் தணிக்கும், குழாய்க்குள் அது அடைபட்டுக் கிடக்கும். அதன்பின் மணிக்கு ஒருமுறை கயிற்றை அரை அடி வெளியே விட்டு, தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வீச்சுக்கும் படகு பக்கவாட்டில் ஓடி, கயிறு இறுகியதும் வெடுக்கென்று திரும்பும். பாயில்லாத மரத்தில் காற்று ஊளையிடும். மறுநாள் அமாவாசை என்பதால் இருட்டில் கரை இருக்கும் திசைகூடத் தெரியவில்லை.

புயல் ஊரை ஒட்டியே கரையேறியது. இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையே என்று பின்னர் அறிவித்தார்கள். அந்த நேரத்தை ஒட்டிக் காற்று அடங்கியது. எட்டு மணி நேரம் காதில் இரைந்த ஒன்று நின்றுபோனால், உடம்பு தானாகவே படுக்கச் சொல்கிறது. படுத்துவிடாதே என்று அண்ணன் காலையிலேயே எச்சரித்திருந்ததால் உட்கார்ந்திருந்தேன். முதலில் மேற்கிலிருந்து இரண்டு மூன்று வீச்சு வந்தது, பிறகு தெற்கிலிருந்து ஒரேயடியாக வந்தது. படகு அரைவட்டமடித்துத் தெற்குக் கயிற்றில் போய் இறுகியபோது, அதுவரை விறைத்து நின்ற வடக்குக் கயிறு தொய்ந்து சுக்கானுக்கடியில் போய்ச் சுற்றப் பார்த்தது. அதை இழுத்துச் சுருட்டிய அந்தப் பத்து நிமிடத்தில் கை வழுக்கி விரலை நசுக்கிக்கொண்டேன். அந்த இரவில் எனக்கு நேர்ந்த காயம் அது ஒன்றுதான்.

கரையேறிய புயல் நகராமல் ஊருக்கு அருகிலேயே நின்றுவிட, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை, காற்று குறைந்தபின், சிக்கல் ஆற்றிலிருந்து வந்தது. சங்கராபரணியில் பெருகிய வெள்ளம் இந்தப் பக்கமும் இறங்க, மூட்டை மூட்டையாக வெங்காயத் தாமரை மிதந்து வந்து கயிற்றில் தடைபட்டு, படகின் முன்னால் ஒரு மேடாகவே சேர்ந்தது. காற்றுக்கு நான் போட்ட கணக்கில் செடியின் எடை இல்லை. நீச்சல் தெரிந்த இரண்டு பையன்கள் அரிவாளோடு வந்து வெட்டித் தள்ளிய பிறகுதான் கயிறு தளர்ந்தது.

நான்கு நாள் கழித்து நங்கூரங்களை எடுக்கப் போனோம். வடக்கே போட்டது ஒரே இழுப்பில் வந்துவிட்டது. இன்னும் சிறிது நேரம் வாடை அடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தெற்கே போட்டது மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கயிற்று முனையில் ஒரு மிதவையைக் கட்டி அதை அங்கேயே விட்டிருக்கிறேன்.