பூர்வீகமாகப் புகையிலை

எட்டாம் வகுப்பில் 'எங்கள் கிராமம்' பற்றி நான் எழுதிய கட்டுரையின் முதல் வரி: "எங்கள் ஊரில் பூர்வீகமாகப் புகையிலை பயிரிடப்படுகிறது." தமிழாசிரியர் 'பூர்வீகமாக' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தார். எழுத்துப்பிழையாக்கும் என்று 'பூர்விகமாக' எனத் திருத்திக்கொண்டு போனேன். மறுபடியும் வட்டம்.

"தம்பி, எழுத்தில் பிழையில்லை. புகையிலையில்தான் பிழை."

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் புகையிலை விற்ற காசில் படிக்க வந்தவர்கள்!

பூர்வம் என்றால் முன்பு, அது வடமொழி. பூர்வீகத்தோடு 'ஆக' சேர்ந்தால் வேகமாக, அழகாக என்பன போல வினையடை. ஆனால் இதைப் போடுமுன் வேர் எங்கே என்று பார்க்க வேண்டும் என்றார் ஐயா. புகையிலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. கொலம்பஸ் 1492இல் கடல் கடக்கும்வரை நம் பக்கத்தில் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. அதுவரை உறைப்புக்கு மிளகுதான். வந்த காய்க்கு மிளகின் பெயரையே சூட்டிச் சொந்தமாக்கிக்கொண்டோம். "உன் பாட்டாவும் அப்பாவும் புகையிலை நட்டது பரம்பரையாக. பூர்வீகமாக அல்ல."

அன்று வீட்டில் பப்பாசி, கொய்யா, மரவள்ளி என்று ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் விசாரித்து அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

ஊரில் இருந்தவரை அந்தச் சொல் எங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பிறந்த இடத்திலேயே இருப்பவனிடம் யார் பூர்வீகம் கேட்பார்கள்? ரொறன்ரோவுக்கு வந்த பிறகு மரண அறிவித்தல்களில்தான் அதை மறுபடி சந்தித்தேன். முன்பெல்லாம் ஓர் ஊரைப் 'பிறப்பிடமாகவும்' இன்னோர் ஊரை 'வதிவிடமாகவும்' கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். இப்போது சிலவற்றில் மூன்றாவதாக 'பூர்வீகமாகவும்' ஏறிவிட்டது: தாய்தந்தையரின் தீவு பூர்வீகம், கொழும்பு பிறப்பிடம், கனடா வதிவிடம். பிறவாத ஊரையும் ஒருவருக்கு உரியதாக்கும் அந்த 'ஆக' இல்லாவிட்டால் இந்த வாக்கியமே நிற்காது.

போன கோடையில் ஒன்ராறியோவில் ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் போனோம். பிரெஞ்சுக்காரர் வந்தபோது அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் பெட்டூன், அதாவது புகையிலை மக்கள். ஆகா, ஐயா வட்டமிட முடியாத வரி கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். வீட்டுக்கு வந்து தேடினால், அந்தப் புகையிலையின் வேரும் தென்னமெரிக்காவிலாம்.

இங்கேயும் 'பரம்பரையாக' என்றுதான் எழுத வேண்டும்.