இருபத்தாறும் இருபத்தாறரையும்

பனிச்சறுக்கு பூட்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு கேள்வி கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தேன். 26, 26.5 சென்டிமீட்டர் என்ற இரண்டு கால் அளவுக்கும் ஒரே வார்ப்பு அச்சின் எண் போட்டிருக்கிறதே, பட்டியலில் பிழையா? மோல்டிங் பிரிவு ஃபோர்மன் பதில் சொல்லவில்லை. இரண்டு பூட்ஸை எடுத்து, உள்ளுறையை உருவி, வெறும் பிளாஸ்டிக் ஓடுகளை என் முன் வைத்தார். இரண்டும் ஒன்றுதான். குதிகாலில் பொறித்திருந்த மில்லிமீட்டர் எண்கூட ஒன்றுதான். அந்த அரை சென்டிமீட்டர் வித்தியாசம் உள்ளே போடும் இன்சோலில் மட்டும்.

காரணம் காசு. கீழ் ஓட்டுக்குத் தனி அச்சு, கணுக்காலைச் சுற்றும் மேல் ஓட்டுக்குத் தனி அச்சு, அதிலும் இடது வேறு, வலது வேறு. அரை அளவுக்கும் அச்சு வெட்டினால் கம்பெனி தாங்காது. எங்கள் நிறுவனம் வளர்ந்ததை மற்றவர்கள் விற்பனைக் கணக்கில் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது அச்சுக் கிடங்கில்.

வட இத்தாலியின் மோன்தேபெல்லூனா, மலையேறும் தோல் பூட்ஸ் தைத்துப் பழகிய ஊர். 1960களில் அமெரிக்காவில் பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்த பிறகு, இங்கே ஊசியும் நூலும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் மெஷின் வந்து உட்கார்ந்தது. நோர்திகா, தெக்னிகா எல்லாம் இந்த வட்டாரத்து பூட்ஸ் கம்பெனிகள்தாம். 1969இல் மனிதன் நிலவில் நடந்ததைப் பார்த்து தெக்னிகா செய்த மூன் பூட் என்ற பனிக்கால பூட்ஸுக்கு இடது வலது கிடையாது. ஒரு ஜோடியே மூன்று நான்கு அளவுக் காலுக்குப் பொருந்தும். அச்சு வேலை பார்ப்பவனுக்குப் பொறாமை வராமல் என்ன செய்யும்!

எங்களுடைய முதல் மாடல்கள் 98 மில்லிமீட்டர் அகலம், பந்தயக்காரர்களின் கால். கிடங்கு நிரம்பத் தொடங்கியது 102 மில்லிமீட்டர் மாடல் வந்த பிறகு. வருஷத்துக்கு ஒரு வாரம் விடுமுறையில் சறுக்கப் போகும் சாதாரண ஆட்களின் அகலக் கால் அது. விளம்பரப் படத்தில் பந்தய வீரர் நிற்பார். எங்கள் சம்பளம் அந்த அகலக் காலிலிருந்துதான் வந்தது.

அவசரமாக வளர்ந்ததில் நானும் ஒரு தப்பு செய்தேன். கறுப்பில் ஓடிக்கொண்டிருந்த மாடலை வெள்ளையில் கேட்டார்கள். அதே பிளாஸ்டிக் குருணை, அதே அச்சு, நிறமி மட்டும் வேறு. குளிர் அறையில் வைத்துச் சோதிக்காமல் அனுப்பிவிட்டேன். நிறமி மாறினால் ஓட்டின் விறைப்பும் மாறும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடையின் கதகதப்பில் போட்டுப் பார்த்தவர்களுக்குச் சரியாக இருந்தது. மலை உச்சியில் கட்டையாகிவிட்டது. விறைப்பைக் காட்டும் எண்ணாக ஃப்ளெக்ஸ் 100 என்று பக்கவாட்டில் அச்சடித்திருந்தோம். சொல்லப்போனால் அந்த எண்ணுக்குப் பொது அளவுகோலே இல்லை, அவரவர் 100 அவரவருக்கு. ஆனால் பூட்ஸைத் திருப்பி அனுப்பியவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

அப்புறம் ருமேனியா. 1990களிலிருந்தே இங்குள்ள பல நிறுவனங்கள் உற்பத்தியை திமிஷோராவுக்குக் கொண்டுபோயின. ஏழு மாகாணங்கள் கொண்ட எங்கள் வெனெத்தோ பிரதேசத்தின் எட்டாவது மாகாணம் என்று அந்த ஊரைக் கிண்டலாகச் சொல்வார்கள். எங்கள் முறை வந்தபோது லாரியில் ஏறிய அச்சுகளோடு நானும் போனேன். ஃபோர்மன் வரவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருந்தது அவருக்கு.

புது ஆலையில் முதலில் வந்த ஓடுகளில் எல்லாம் குமிழி. மெஷின் அளவீடுகளை மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு அவருக்கு போன் செய்தேன்.

"குருணையை எத்தனை மணி நேரம் காயவைத்தாய்?"

சொன்னேன்.

"போதாது. அங்கே ஈரம் அதிகம். அப்புறம், 26 வலதில் மேல் மூலை போல்ட் சரியாக இறுகாது. கால் சுற்று கூடுதலாகத் திருப்பு."

எந்த ஃபைலிலும் இல்லாத விஷயம். போய்த் திருப்பிப் பார்த்தேன். கால் சுற்று, மிகச் சரியாக. அச்சுப் பதிவேட்டில் 26 வலதுக்கு எதிரே அதை எழுதினேன். பக்கத்தில் அவர் பெயரையும்.