எர்த் என்று நாம் சொல்லும் இரண்டு கம்பிகள்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருச்சி துவாக்குடியில் உள்ள எங்கள் பட்டறையில் புது வெல்டிங் மெஷின், ரெக்டிஃபயர் வகை, வந்து இறங்கியது. 400 ஆம்பியர், மூன்று ஃபேஸ். மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி முடிப்பதற்குள் பையன்கள் வெல்டிங் ராடைக் கவ்வும் ஹோல்டரைக் கையில் எடுத்துவிட்டார்கள். "அண்ணே, பழைய மெஷின் வயரையே இதுல மாட்டி ஒரு ராடு ஓட்டிப் பாத்துடலாம்ணே" என்றான் ஒருவன். நான் விடவில்லை. திங்கட்கிழமை மதியம்தான் முதல் ஆர்க், அதாவது ராடு முனையில் இரும்பை உருக்கும் மின்பொறி, அடித்தோம். நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. இரண்டு நாள் எதற்கு என்று அவர்கள் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

2009-இல் நான் வேறொரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். அங்கே ஷெட் தூணில் எர்த் கிளாம்பை, அதாவது வெல்டிங் கரன்ட் மெஷினுக்குத் திரும்பும் கேபிளின் முனையை, கவ்வவிட்டு வேலை செய்வது பழக்கம். ஜாப், அதாவது வெல்டு செய்யும் இரும்பு, எங்கே கிடந்தாலும் தூணோடு எப்படியாவது இரும்பு தொட்டுக்கொண்டிருக்கும், ஆர்க் வரும், வேலை நடக்கும். ஒரு நாள் பெரிய பீம் ஒன்றை மரக்கட்டைகள் மேல் வைத்திருந்தோம். தூணுக்கும் அதற்கும் ஒரு துண்டு ராடைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பீமின் மறுமுனையில் காந்தத்தால் இரும்பில் ஒட்டி நிற்கும் மேக்னெட் டிரில் ஒன்று இருந்தது. நான் வெல்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ரப்பர் கருகும் நாற்றம். நிறுத்திவிட்டுத் தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. சாய்த்து வைத்த ராடு நழுவிக் கீழே கிடந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

நான்கு நாள் கழித்து அந்த டிரில்லைத் தொட்ட ஹெல்பர் பையனைக் கரன்ட் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியதால் பிழைத்தான். கையில் தீக்காயம், ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அப்புறம் டிரில்லின் கேபிளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே எர்த்துக்கான பச்சை வயர் மட்டும் நீளமாகக் கருகி, அறுந்து போயிருந்தது.

நடந்தது இதுதான். வெல்டிங் கரன்ட் எந்த மெஷினிலிருந்து கிளம்பியதோ அந்த மெஷினுக்கே திரும்பியாக வேண்டும். மண்ணுக்குள் போவது அதன் நோக்கம் இல்லை. சாய்த்து வைத்த ராடு நழுவியதும் வழி அடைபட்டது. வேறு வழி தேடியது. பீமிலிருந்து டிரில் உடம்புக்கு, டிரில்லின் எர்த் வயர் வழியாகக் கட்டடத்து எர்த்துக்கு, அங்கிருந்து தூணுக்கு, தூணில் இருந்த கிளாம்புக்கு. நான் ஓட்டியது 150 ஆம்பியருக்குக் குறையாது. அந்த மெல்லிய வயர் எவ்வளவு நேரம் தாங்கும்? அது அறுந்ததோடு டிரில்லுக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போனது. பின்னால் டிரில்லின் காயிலில் கரன்ட் கசிவு வந்த அன்று கரன்டுக்குக் கிடைத்த வழி அந்தப் பையனின் உடம்பு. ஆர்க் அடித்தவன் நான். அந்தப் பையனின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மெஷின் உடம்பிலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பியையும் எர்த் என்கிறோம், ஜாபில் கவ்வும் கேபிளையும் எர்த் என்கிறோம். ஒரே பெயர் இருப்பதால் இரும்பு எங்கே தொட்டாலும் சரி என்று மனது நம்பிவிடுகிறது. முதல் கம்பி சாதாரண நாளில் கரன்டே சுமக்கக் கூடாதது. கோளாறு வரும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பது. இரண்டாவது, ராடில் ஓடும் கரன்ட் முழுவதையும் நாள் முழுக்கச் சுமப்பது. என் பட்டறையில் இரண்டாவதை எர்த் என்று சொல்ல விடுவதில்லை. ரிட்டர்ன் என்கிறோம்.

சரி, அந்த இரண்டு நாள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் இரண்டு ஃபேஸில் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் ஓடியது. புதியதன் பெயர்ப் பலகையில் உள்ளீடு 32 ஆம்பியர். அதற்கு 10 ஸ்கொயர் காப்பர் நாலு கோர் கேபிளும், கோளாறு வந்தால் தானே கரன்டை நிறுத்தும் சுவிட்சான எம்.சி.சி.பி. ஒன்றும், வேறு எதையும் அதில் தொங்கவிடாமல் தனியாகப் போட்டோம். சுவிட்சை வெல்டர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க முடிகிற தூரத்தில், முன்னால் எதையும் அடுக்க முடியாத சுவரில் வைத்தேன். மெஷினின் உடம்புக்கு இரண்டு எர்த், தனித்தனிப் பட்டையாக, தனித்தனி போல்ட்டில். ஒன்று துருப்பிடித்தாலும் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் விதியே இரண்டு கேட்கிறது. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுத்தான் முடுக்க வேண்டும். பெயின்ட் மேல் முடுக்கிய எர்த்தைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். சனிக்கிழமை நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் எர்த் டெஸ்டரில் மண்ணின் தடையைப் பார்த்தபோது 1.8 ஓம் காட்டியது, திருப்தியாக இருந்தது.

கரன்ட் கொடுப்பதற்கு முன் மெகர், அதாவது எங்காவது கரன்ட் கசியுமா என்று பார்க்கும் இன்சுலேஷன் டெஸ்டர். உள்ளீட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் குறைந்தது 2.5 மெகா ஓம், உள்ளீட்டுக்கும், ஹோல்டரும் ரிட்டர்னும் மாட்டும் வெல்டிங் முனைகளுக்கும் நடுவில் 5. டயோடுகளை ஷார்ட் செய்துவிட்டுத்தான் மெகர் வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் மெஷினாக இருந்தால் கம்பெனி கையேடு சொல்கிறபடிதான்; இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும். வெல்டிங் முனைக்கும் உடம்புக்கும் நடுவிலும் தொடர்பு இருக்கக் கூடாது. நல்லது என்று நினைத்து சில எலக்ட்ரீஷியன்கள் அந்த இரண்டையும் ஒரு வயரால் சேர்த்துவிடுவார்கள். டிரில்லில் நடந்தது மெஷினின் எர்த்திலேயே நடப்பதற்கு அது போதும்.

இடம் பார்ப்பதும் முக்கியம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கிரைண்டிங் நடக்கும் மூலைக்கு நேர் எதிர்ப் பக்கம். மெஷினைக் குளிர்விக்கும் மின்விசிறி இரும்புத் தூளை இழுத்து உள்ளே படியவிட்டால் மெகரில் பார்த்த கணக்கெல்லாம் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். சுவிட்சைப் போட்டதும் விசிறி அம்புக்குறிக்கு எதிர்த் திசையில் சுற்றியது. இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்ததும் சரியானது. இதைக் கவனிக்காவிட்டாலும் ஆர்க் நன்றாகவே வரும், உள்ளே மட்டும் வெந்துகொண்டிருக்கும். 400 என்று எழுதியிருப்பதும் 60 சதவீத டூட்டி சைக்கிளுக்குத்தான், அதாவது 10 நிமிடத்தில் 6 நிமிடம். இடைவிடாமல் ஓட்டினால் 310-க்கு மேல் போகக் கூடாது.

ஹோல்டர் பக்கம் 70, 80 வோல்ட்தான், அது என்ன செய்யும் என்பார்கள். காய்ந்த கையில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். மே மாதத் திருச்சி வெயிலில், சட்டை முழுக்க வேர்வையோடு, ஒரு தொட்டிக்குள் இரும்பு மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது உயிரை எடுக்கப் போதுமானது. ஷெட்டில் கசிவு வந்தால் கரன்டை நிறுத்தும் ஈ.எல்.சி.பி. இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. வெல்டிங் பக்கத்தை டிரான்ஸ்ஃபார்மர் தனியாகப் பிரித்து வைத்திருப்பதால் அங்கே அடிக்கும் ஷாக் அதற்குத் தெரியாது. அதனால்தான் நனைந்த கையுறையை மாற்றச் சொல்கிறேன், காலுக்கடியில் காய்ந்த பலகை போடச் சொல்கிறேன். சூடான ஹோல்டரைத் தண்ணீர் வாளியில் முக்குவதைக் கண்டால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணன், இங்கே திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி எடுத்தவர். எந்த ஜாபுக்குப் போனாலும் முதலில் கிளாம்ப் எங்கே என்றுதான் பார்ப்பார். "தம்பி, ராடு இருக்குற இடத்துக்குப் பக்கத்துலயே அதுவும் இருக்கணும். நடுவுல செயினோ பேரிங்கோ வரக் கூடாது" என்பார். கிரேன் செயின் வழியாகக் கரன்ட் திரும்பினால் கண்ணி தொடும் இடங்களில் தீப்பொறி தின்றுவிடும். அடுத்த முறை பாரம் தூக்கும்போதுதான் அது தெரியும்.

திங்கட்கிழமை 4 எம்.எம். ராடில் 160 ஆம்பியர் வைத்து அரை மணி நேரம் ஓட்டினோம். மெயினை அணைத்துவிட்டு கேபிள் முனைகளில் இருக்கும் ஒவ்வொரு லக்கையும் கையால் தொட்டுப் பார்த்தேன். ரிட்டர்ன் லக் ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் கிரிம்ப், அதாவது லக்கைக் கேபிளோடு அழுத்திய பிடி, சரியாக விழவில்லை, வெட்டிவிட்டுப் புதிது போட்டோம். அதை முடித்து நிமிர்ந்தபோது, முதல் நாள் அவசரப்பட்ட அதே பையன் அந்தப் பக்கம் பழைய மெஷினின் கிளாம்பை மேசைக் காலிலிருந்து கழற்றி, ஜாபில் ஓர் இடத்தைக் கிரைண்டரால் பளபளவென்று தேய்த்து, அங்கே கவ்வவிட்டுக்கொண்டிருந்தான்.