கிணற்றடித் துலாவும் நான் எடுத்த பாடங்களும்

1991ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில் சேர யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பாடப்பிரிவு என்று இருந்த இடத்தில் அப்பா தன் கையால் ‘உயிரியல்’ என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சாதாரணதரத்தில் ஆறு டி (விசேட சித்தி), இரண்டு சி (திறமைச் சித்தி) எடுத்த பெண்பிள்ளை பயோதான் படிக்கும் என்பது எங்கள் வீட்டிலும் ஊரிலும் கேள்வி இல்லாத விஷயம். எனக்கும் அதில் பெரிய மறுப்பு இருந்ததாக ஞாபகம் இல்லை.

இந்த மலரை வாசிக்கும் இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். அப்போது உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள். பயோ என்றால் தாவரவியல், விலங்கியல், பௌதிகவியல், இரசாயனவியல். மற்ஸ் என்றால் தூய கணிதம், பிரயோக கணிதம், அதோடு அதே பௌதிகவியலும் இரசாயனவியலும். இரண்டு கணிதங்களும் சேர்ந்து இணைந்த கணிதம் என்று ஒரே பாடமானதும், உயிரியல் ஒரே பாடமானதும், நான்கு மூன்றானதும் பின்னால் வந்தவை. ஆகவே எங்களுக்குத் தெரிவு என்பது பாதிப் பாடங்களில்தான். மற்றப் பாதியில் இரண்டு பிரிவும் ஒரே மண்டபத்தில் ஒன்றாக இருந்தோம். மணி அடித்ததும் பயோக்காரர் அறுபது பேர் ஆய்வுகூடப் பக்கம் போவார்கள், மற்ஸ்காரர் பதினான்கு பேர் மாமரத்தடி வகுப்புக்குப் போவார்கள்.

வீட்டில் பயோ ஏன் அவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அது என் பெரிய மாமா. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், 400 புள்ளிகளுக்கு, மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவர்களுக்கு 229, தமிழில் எழுதியவர்களுக்கு 250 என்று வெட்டுப்புள்ளி வைத்தார்கள். பொறியியலுக்கு 227, 250. தரப்படுத்தல் என்று எங்கள் வீடுகளில் இன்றுவரை சொல்லும் சொல் அங்கேதான் தொடங்கியது. மாமாவின் புள்ளி அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் விழுந்தது. கடைசிவரை எழுதுவினைஞராக இருந்தார். அவருடைய பழைய விலங்கியல் கொப்பிகள் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பிடவைத் துணியால் சுற்றி இருந்தன. என் பெறுபேறு வந்த அன்று அவற்றை இறக்கித் தூசி தட்டி என் மேசையில் வைத்தார். அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இன்னொரு காரணம் அந்தக் காலத்துக்கே உரியது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையே இல்லை. மருத்துவ பீடம் 1978 முதல் யாழ்ப்பாணத்தில் இருந்தது. பொறியியல் பீடம் இல்லை. பொறியியல் கிடைத்தால் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகவேண்டும். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து குடாநாட்டை விட்டு வெளியே போவது சாதாரண பயணமாக இருக்கவில்லை. நான் உயர்தரம் படித்த காலத்துக்குள்ளேயே பாதை மூன்று தரம் மாறியது: முதலில் சங்குப்பிட்டி, பிறகு கொம்படி ஊரியான் சேற்றுவெளி, அதற்குப் பிறகு கிளாலிக் கடல். அப்பா நேராகவே சொன்னார்: “பயோ எடுத்தியெண்டால் சைக்கிளிலை போய் வந்து படிக்கலாம். மற்ஸ் எண்டால் தண்ணி கடந்து போகவேணும், பிள்ளை.” வேறு ஊர்களில் பிள்ளைகள் எந்தப் பாடம் பிடிக்கும் என்று யோசித்திருப்பார்கள். நாங்கள் வீட்டில் இருப்பதா, வீட்டை விட்டுப் போவதா என்பதையும் அதே கோட்டில் எழுதவேண்டியிருந்தது.

பயோ வகுப்பில் எனக்கு வெறுப்பு வந்தது என்று நினைக்கவேண்டாம். தாவரவியல் ரீச்சர் ஒரு வடலியின் இளந்தண்டையும் பூசணித் தண்டையும் சவர அலகால் மெல்லிய சீவல்களாக வெட்டித் தந்து, நீரும் உணவும் கடத்தும் கலன்கட்டுகள் ஒன்றில் சிதறிக் கிடப்பதையும் மற்றதில் வட்டமாக அடுக்கியிருப்பதையும் காட்டிய நாளை நான் மறக்கமாட்டேன். மின்சாரம் இல்லாததால் நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துத்தான் பார்த்தோம். கரப்பான் வெட்டுவதிலும் எனக்குக் கை நடுங்கவில்லை. என் வாங்கில் பக்கத்தில் இருந்த தோழிக்குத்தான் நடுங்கியது. அவளுக்கு உயிர் பௌதிகவியல். ஒளியியல் கணக்குகளை எனக்கு முன்பே முடித்துவிட்டுச் சிரிப்பாள். அவளையும் பயோவில் விட்டது அவளுடைய அம்மா.

ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன். விலங்கியல் ரீச்சர் வரவில்லை. நான் தண்ணீர் குடிக்கக் கல்லூரிக் கிணற்றடிக்குப் போனேன். பிரயோக கணித மாஸ்ரர் தன் பதினான்கு பேரையும் கூட்டிக்கொண்டு அங்கே நின்றார். எரிபொருள் தடையால் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓய்ந்து கிடந்தது. ஒரு முனையில் வாளியும் மறுமுனையில் பாரமும் கட்டித் தண்ணீர் இறைக்கும் நீண்ட மரமான பழைய துலாவைத் திருத்தி மறுபடி பாவித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்ரர் கையில் ஒரு தராசு, ஒரு முழக்கோல், கரும்பலகைக்குப் பதிலாக ஒரு தகரம்.

“வாளி நிறையத் தண்ணி பதினாறு கிலோ. வெறும் வாளி இரண்டு கிலோ. துலாவின்ரை அடிப்பக்கத்திலை எவ்வளவு பாரக் கல்லைக் கட்டினால் இறைக்கிறவனுக்கு லேசு?”

ஒருத்தி பதினெட்டுக் கிலோவுக்கு ஈடாக என்றாள். அப்படிக் கட்டினால் தண்ணீர் தானாக வரும்தான், ஆனால் வெறும் வாளியைக் கீழே இறக்கப் பதினாறு கிலோ பாரத்தோடு இழுபடவேண்டும் என்றார் மாஸ்ரர். அப்புறம் எல்லோரும் பேசாமல் நின்றார்கள். நான் ஓரத்தில் நின்று, வாளியோடு பாதித் தண்ணீருக்கு ஈடாகக் கட்டவேண்டும் என்றேன். பத்துக் கிலோ. அப்போது இறக்கவும் எட்டுக் கிலோ, தூக்கவும் எட்டுக் கிலோ. மாஸ்ரர் நான் எந்த வகுப்பு என்று கேட்கவில்லை. தகரத்தில் துலாவைத் தாங்கும் ஆடுகாலைப் புள்ளியாக வைத்துத் துலாவைக் கோடாக வரைந்து, இரண்டு பக்கத் திருப்பங்களையும், அதாவது பாரத்தைத் தூரத்தால் பெருக்கி, எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு கயிற்றை என் கையில் தந்து, “இப்ப இறைச்சுப் பார்” என்றார்.

எங்கள் ஊரில் நூறு தடவை பார்த்த துலா அது. அம்மம்மாவின் தோட்டத்தில் ஆட்கள் அதன்மேல் நடந்து மிதிப்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அவர்கள் காலடி எங்கே பட்டால் மரம் எப்படிச் சாயும் என்பது ஒரு கோட்டில் எழுதக்கூடியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தப் பாடத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் படிக்க என்னால் முடியாது என்று அந்தக் கயிற்றைப் பிடித்தபடி நினைத்தேன். மிகைப்படுத்தவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

முதல் தவணை முடியும்வரை பிரிவு மாறலாம் என்று அதிபர் சொல்லியிருந்தார். வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. அம்மா அழுதார். அப்பா கனநேரம் ஒன்றும் சொல்லாமல் முற்றத்தில் இருந்துவிட்டு, “போறது வாறது எப்பிடியெண்டு யோசிச்சியா?” என்று மட்டும் கேட்டார். யோசிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அழகையா துரைராஜாவை அப்பாவுக்கு நினைவுபடுத்தினேன். கேம்பிரிட்ஜில் மண்ணின் பொறியியலை ஆராய்ந்து உலகம் முழுதும் பேர் எடுத்தவர், அந்தத் தடைக் காலத்தில் எங்கள் தெருக்களில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். மற்ஸ் படித்தவர்களும் ஊருக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதற்கு என்னிடம் இருந்த சாட்சி அவர் ஒருவர்தான். அப்பா அடுத்த நாள் காலையில் அதிபரிடம் வந்து கையெழுத்து வைத்தார்.

மாமா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவருடைய கொப்பிகளை நான்தான் திருப்பி அலுமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் படலையைத் திறந்து வந்து, கடதாசியில் சுற்றிய ஒரு போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மண்ணெண்ணெய். அது அந்த நாளில் என்ன விலை விற்றது என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக எண்ணெய் விட்டு ஏற்றும் சிக்கன விளக்கில்தான் நாங்கள் எல்லோரும் படித்தோம். மாமாவின் அந்த ஒரு போத்தலில் நான் நுண்கணிதத்தின் ஒரு முழுப் பகுதியைச் செய்து முடித்தேன்.

படித்த இரண்டு வருடத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ரியூட்டரி, பங்கர், திரும்ப ரியூட்டரி. இரசாயன ஆய்வுகூடத்தில் அமிலம் தட்டுப்பாடாக இருந்ததால், அளவியில் வெறும் தண்ணீரை விட்டு வாசிப்பு எடுக்கப் பழகிவிட்டு, உண்மையான நியமிப்பை (ரைற்ரேஷனை) ஒரே ஒரு தரம் செய்தோம். 1993இல் பரீட்சை எழுதினேன். அந்த வருடம் ஜனவரியில்தான் கிளாலிக் கடலில் படகுகளில் போன சனங்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த இரவு அப்பா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பாடத்தை மாற்றச் சொல்ல இனி நேரமும் இல்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுப் போனார்.

பேராதனை கிடைத்தது. அழைப்பு வந்து, குடாநாட்டை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, பிணைக்கு ஆள் வைத்து, 1994 கடைசியில் கிளாலியால் போனேன். இரவு. படகில் யாரும் பேசவில்லை. ஒரு குழந்தை அழத் தொடங்க, தாய் அதன் வாயில் முந்தானையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். கரையில் அப்பா நின்ற இடம் இருட்டில் தெரியவே இல்லை. பிரிவு மாறும்போது நான் எழுதிக்கொடுத்த அந்த ஒரு சொல்லின் அர்த்தம் அந்தப் படகில்தான் எனக்கு விளங்கியது.

அது போதாதென்று 1995 ஒக்ரோபர் 30 வந்தது. சண்டையிலிருந்து தப்ப வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. நான் பேராதனை விடுதியில் மற்றப் பிள்ளைகளோடு பிபிசி தமிழோசையைச் சுற்றி இருந்தேன். பயோ எடுத்திருந்தால் அந்த வீதியில் நானும் நின்றிருப்பேன், அம்மாவின் கையில் இருந்த பையையாவது நான் வாங்கியிருப்பேன். இந்த நினைப்பு எனக்கு இன்றும் வருகிறது. இப்போதும் எழுதும்போது வந்தது. இரண்டு மாதம் கழித்துக் கொடிகாமத்திலிருந்து அப்பாவின் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம், காணி உறுதியும் உன் சான்றிதழ்களும் பத்திரம், முதலாம் வருடச் சோதனை எப்போது என்று கேட்டிருந்தார்.

என் வாங்குத் தோழி செக்கன்ட் சையில், இரண்டாம் தரம் பரீட்சை எழுதி, மருத்துவ பீடத்துக்கு எடுபட்டாள். இடம்பெயர்ந்தாள், திரும்பினாள், படித்து முடித்தாள். இன்றும் எங்கள் மாவட்டத்தில்தான் வைத்தியம் செய்கிறாள். அவள் பௌதிகவியலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நான் யோசிப்பதுண்டு. அதைக் கேட்டபோது, அவளுடைய வாட்டில் ஒரு தாய் குழந்தையோடு நின்றாள். “பிறகு கதைப்பம்” என்று தொலைபேசியை வைத்தாள். நாங்கள் அதை இன்னும் கதைக்கவில்லை.

இங்கே கனடாவில், ஸ்காபுரோவில் நான் பாலங்களுக்கான கணக்குகள் பார்க்கிறேன். சங்கம் நடத்தும் இணையவழிப் பாட உதவியில் போன வருடம் முதல் சனிக்கிழமைகளில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளோடு இணைந்த கணிதம் செய்கிறேன். துலாக் கணக்கைக் கொடுத்தேன். அவர்களில் பலர் துலாவைக் கண்டதில்லை, படம் வரைந்து காட்டவேண்டியிருந்தது. ஒரு பிள்ளை மட்டும் கேட்டவுடனே பாதித் தண்ணீர் என்றாள். வகுப்பு முடிந்ததும் அவளை மறித்து, ஏன் மற்ஸ் எடுத்தாய் என்று கேட்டேன்.

“விருப்பம், அன்ரி” என்றாள்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். அம்மா முதலில் பயோ எடுக்கச் சொன்னவவாம். பிறகு சரி என்றுவிட்டாவாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறதுதானே, அது கிடைத்தால் நல்லது என்றாள்.

“கிளிநொச்சியிலை இருந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் எடுத்தால், இருட்டமுந்தி வீட்டை வந்திடலாம், அன்ரி.”

எத்தனை மணி பஸ் என்று கேட்டேன். மூன்றரைக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று என்றாள்.