மசாஜ் மேசையில் படுப்பதற்கு முன்பும் பின்பும்

முதன்முறையாகத் தொழில்முறை மசாஜ் சிகிச்சைக்குப் போகவிருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் உடையைப் பற்றியும் வலியைப் பற்றியும்தான். எவ்வளவு ஆடையைக் களைய வேண்டும், அழுத்தும்போது வலிக்குமா, நடுவில் பேசலாமா, தூங்கிவிட்டால் தவறா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கழுத்து வலிக்காகவும் தோள்பட்டை வலிக்காகவும் பல ஆண்டுகளாக இச்சிகிச்சையைப் பெற்றுவருபவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: அந்த ஒரு மணி நேரத்தின் பயன் சிகிச்சையாளரின் கைத்திறனைப் பொறுத்திருப்பதைப் போலவே நாம் வாய் திறந்து சொல்வதையும் பொறுத்திருக்கிறது.

நல்ல சிகிச்சையாளர் எண்ணெயைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கிவிடுவார். வழக்கமாக ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறோம், அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, ரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உண்டா, கருவுற்றிருக்கிறோமா, எதற்கேனும் ஒவ்வாமை உண்டா என்பவை அதில் இருக்கும். இதை வெறும் சடங்காக எண்ணி அவசரமாக நிரப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும், ஏனெனில் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சாப்பிடுபவருக்கு, ஆழமாக அழுத்தினால் தோலுக்கடியில் எளிதில் ரத்தம் கன்றிப்போகும். காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருக்கும்போது அந்தக் காலைப் பிசைந்தால், கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கு அழுத்தம் அளவு மீறுவது தெரியாமல் போகலாம். கருவுற்றுப் பல மாதங்களானவர் மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை வயிற்றின் பெருஞ்சிரையை அழுத்துமாதலால், அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். பாதாம் போன்ற கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலோ தொற்றக்கூடிய தோல் நோயோ இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே முறை. ஒரு கேள்வியும் கேட்காமல் நேராக மேசையைக் காட்டுகிற இடத்தில் நான் படுப்பதில்லை.

படிவத்துக்குப் பிறகு நடக்கும் சில நிமிடப் பேச்சும் அதே அளவுக்கு முக்கியமானது. வலி எங்கே, எப்போது கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, எந்த இடத்தைத் தொட வேண்டாம் என்பதையெல்லாம் அப்போதே சொல்லிவிடலாம். சிலர் நம்மை நிற்க வைத்துத் தோள்களின் உயரத்தைப் பார்ப்பார்கள். தலையை இருபுறமும் திருப்பச் சொல்லி, எந்தப் பக்கம் தடுக்கிறது என்று கவனிப்பார்கள். 60 நிமிடத்தில் உடல் முழுவதையும் நீவினால் ஒவ்வொரு பகுதிக்கும் கொஞ்ச நேரமே கிடைக்கும். குறிப்பிட்ட ஓரிடத்தில் தொல்லை இருப்பவர்கள், முழு உடல் வேண்டாம், முதுகின் மேற்பகுதிக்கும் கழுத்துக்கும் மட்டும் நேரத்தைக் கொடுங்கள் என்று கேட்பதே நல்லது என்பது என் எண்ணம். வெறுமனே களைப்பாற வருபவர்களுக்கு முழு உடல் மசாஜ் இதமாக இருக்கும்.

அடுத்தது உடை. எவ்வளவு களைவது என்பது முழுக்க முழுக்க நம் விருப்பம். உள்ளாடையோடு படுப்பவர்களும் உண்டு, தளர்ந்த ஆடையை அணிந்தபடியே சிகிச்சை பெறுபவர்களும் உண்டு. எண்ணெய் போடாமல் துணியின் மேலேயே அழுத்துகிற முறைகளும் இருக்கின்றன. நாம் ஆடை மாற்றிப் போர்வைக்குள் படுத்துக்கொள்ளும் வரை சிகிச்சையாளர் வெளியே இருப்பார், கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். சிகிச்சை நடக்கும் பகுதியைத் தவிர மற்ற அனைத்தும் மூடியே இருக்கும். காலுக்கு வரும்போது, அந்த ஒரு காலின் மேலுள்ள போர்வையை மட்டும் விலக்கி, அதன் ஓரத்தைத் தொடைக்கு அடியில் இறுகச் செருகிவிடுவார். அந்தக் கால் முடிந்ததும் அதை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார். கூச்ச சுபாவம் உள்ளவர்களின் தயக்கத்தைப் போக்க, எத்தனை ஆறுதல் வார்த்தைகளையும்விட இந்தச் சிறு செயல் அதிகம் உதவுவதை நான் கண்டிருக்கிறேன். குப்புறப் படுக்கும்போது முகத்தைப் பதித்துக்கொள்ள, நடுவில் துளையுள்ள மெத்தை இருக்கும். கணுக்காலுக்கு அடியில் ஓர் உருளைத் தலையணை வைப்பார்கள், மல்லாந்தால் அது முழங்காலுக்கு அடியில் வரும். இவற்றில் எது உறுத்தினாலும் உடனே சொல்ல வேண்டும், ஏனெனில் கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்தால் வந்த வலி போதாதென்று புதிதாக ஒரு வலி சேரும்.

பரவலாகக் கிடைக்கும் ஸ்வீடிஷ் முறையில் நீவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டுதல் என ஐந்து வகைக் கைவேலைகள் உண்டு. இம்முறையை உருவாக்கியவர் என்று 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கைப் பலர் சொல்வார்கள். ஆனால் இந்த வகைப்பாட்டை நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கரின் பணியோடு இணைத்துப் பேசும் வரலாற்றாசிரியர்களின் கருத்தே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. முதலில் நீண்ட, மெதுவான நீவல்கள் வரும். எண்ணெயைப் பரப்புவதற்காக மட்டுமன்றி, எந்தத் தசை இறுகியிருக்கிறது என்பதை உள்ளங்கையால் அறிவதற்காகவும் அவற்றைச் செய்கிறார்கள். இந்த நிதானம் நம் உடலுக்கும் ஏற்றது; தோலில் மெதுவான வருடலுக்கென்றே தூண்டப்படும் நரம்பிழைகள் உள்ளன, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில்தான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன.

அழுத்தத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால்தான் குணமாகும் என்ற நம்பிக்கை பலரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. தாங்க முடியாத வலி வரும்போது தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும், இளக்க வந்த கை அதனோடு போராட வேண்டியதாகிவிடும். அனுபவமுள்ள ஒருவரின் கை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில் கவனிக்கலாம். விரல் அங்கே மெல்ல ஊர்ந்துவந்து, கயிறு போல் திரண்டிருக்கும் ஓர் இடத்தில் நின்றுவிடும். உடனே அழுத்தாமல், கட்டைவிரலையோ முழங்கையையோ அதன்மேல் வைத்து, நாம் மூச்சை வெளிவிடும்போது தம் உடல் எடையைச் சிறிது சிறிதாக அதன்மேல் சாய்ப்பார். முதலில் வலி தலைவரை ஏறுவது போலிருக்கும். சில மூச்சுகளுக்குள் அது மழுங்கி, இனிய வலியாக மாறினால் அழுத்தம் சரி என்று கொள்ளலாம். மாறாக, நம்மை அறியாமலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ, கால் விரல்கள் மடங்கினாலோ, குத்துவது போன்ற வலி கைக்குப் பரவினாலோ, விரல்கள் மரத்தாலோ அப்போதே நிறுத்தச் சொல்ல வேண்டும். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கும் சிகிச்சையாளரிடம் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். என்னைப் பொறுத்தவரை ஏழுக்கு மேல் போகவிடுவதில்லை.

மேசையில் படுத்திருக்கும்போது உடல் தன் போக்கில் சிலவற்றைச் செய்யும். வயிறு கடகடவென்று சத்தமிடும், குறட்டை வரும், வாயோரம் எச்சில் ஒழுகும். சிலருக்குக் காரணமே தெரியாமல் கண்ணீர் வரும். ஆண்களுக்கு விறைப்பும் ஏற்படலாம். அமைதி கூடும்போது நரம்பு மண்டலத்தில் நிகழும் மாற்றங்களோடு தொடர்புடைய இயல்பான செயல்கள் இவை, பயிற்சி பெற்றவர் எவரும் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பேசுவதும் பேசாமலிருப்பதும் நம் விருப்பமே.

எல்லைகளைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்ல விரும்புகிறேன். பிறப்புறுப்பைத் தொடுவது சிகிச்சையில் எந்தக் காரணத்துக்காகவும் இடம்பெறாது. பிட்டம், வயிறு, மார்பின் மேற்பகுதி ஆகியவற்றைத் தொடுவதற்கு முன் ஏன் தேவை என்று விளக்கி அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். போர்வையைத் தேவையின்றி விலக்குவது, நம் உடலைப் பற்றிக் கருத்துச் சொல்வது, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆகியவற்றில் எது நடந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பாதியில் எழுவதற்கு நாம் யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

முடிந்ததும் சட்டென்று எழக் கூடாது. நெடுநேரம் படுத்திருந்ததால் ரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றலாம். ஒருக்களித்து, மேசையின் விளிம்பில் சிறிது உட்கார்ந்து, பிறகு இறங்குவதே பாதுகாப்பு. தண்ணீர் குடித்து உடலிலிருந்து வெளியேறிய நச்சுகளைக் கழுவுங்கள் என்று பல இடங்களில் சொல்வார்கள். தாகமாக இருந்தால் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் மசாஜ் நச்சுகளை வெளியேற்றுவதில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்துகொண்டிருக்கின்றன. நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது வலியிலும் இறுக்கத்திலும் சில காலம் நீடிக்கும் தணிவு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்தின்றி முதலில் முயன்று பார்க்கக்கூடியவற்றுள் மசாஜும் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது.

மறுநாள் காலையில் அழுத்திய இடங்கள், பழக்கமில்லாத உடற்பயிற்சிக்குப் பின் வலிப்பதைப் போல வலிக்கக்கூடும். ஓரிரு நாளில் அது அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, ரத்தம் கன்றியிருந்தாலோ, மரத்துப்போதல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை போகும்போது, எந்த இடம் எத்தனை நாள் வலித்தது, எந்த அசைவு எளிதானது என்பதைச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டால், அவர் அழுத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதை வைத்தே முடிவு செய்வார்.