சொல்லத் தேவையில்லை என்றேன்

"ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட இதைச் சொல்லணுமா சார்?"

எங்கள் செயற்கைக்கோள் கம்பெனியின் நெட்வொர்க் பிரிவுப் பெண் கேட்டது இவ்வளவுதான். செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் ஒன்றிலேயே ராணுவத்துக்கும் இடம் கொடுத்திருந்தோம், மலைப்பகுதி ஆஸ்பத்திரிகளின் விசாட் என்ற சிறு டிஷ் இணைப்புக்கும் கொடுத்திருந்தோம். ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, "தேவையில்லைம்மா, அப்படி ஷரத்து எதுவும் இல்ல" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அது 2022 ஏப்ரல். பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய அதே விடியற்காலையில், ஐரோப்பாவின் கேஏ-சாட் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயிருந்தன. செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. தரையிலிருந்த நிர்வாக நெட்வொர்க்குக்குள் புகுந்து மோடம்களின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. காற்றாலைக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? உக்ரைன் ராணுவம் பயன்படுத்திய அதே செயற்கைக்கோள், அவ்வளவுதான்.

1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 3ஆவது பிரிவு சர்வதேசச் சட்டத்தை மேலேயும் கொண்டுபோகிறது. அப்படியானால் போர்ச் சட்டமும் கூடவே போகிறது. ராணுவ நடவடிக்கைக்கு உண்மையில் உதவும் பொருள் இலக்காகலாம். ஆனால் கிடைக்கும் ராணுவ லாபத்தை மீறி மற்றவர்களுக்குச் சேதம் வரக்கூடாது. அதை எடைபோட வேண்டியவர் தாக்குபவர். அந்த டிரான்ஸ்பாண்டரில் ஆஸ்பத்திரி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? கட்டடமென்றால் கூரையில் செஞ்சிலுவை வரையலாம். அலைவரிசையில் எங்கே வரைவது?

போர்ச் சட்டமான ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த 1977 முதலாம் கூடுதல் நெறிமுறையின் 58ஆவது பிரிவு, முடிந்தவரை பொதுமக்களை ராணுவ இலக்குகளுக்குப் பக்கத்தில் வைக்காதே என்கிறது. அது அரசுகளுக்குச் சொன்னது, எனக்கல்ல. பல தடவை இப்படிச் சொல்லித்தான் தூங்கியிருக்கிறேன். பிறகு ஞாபகம் வரும்: யாரை யார் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்தது அரசு இல்லை, எங்கள் விற்பனைப் பிரிவு.

சரி, சொல்லியிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்? அந்த மலையில் வேறு இணைப்பு கிடையாது. வீணாகப் பயந்திருப்பார்கள். இதுவும் நான் எனக்கே சொல்லிக்கொள்வதுதான். பயப்படுவதா வேண்டாமா என்பதை அவர்களல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

அந்தப் பெண் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். போன வருடம் அந்த ஆஸ்பத்திரிகளின் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது, 'மாற்று இணைப்பு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். காரணம் எழுதவில்லை. கூடுதல் செலவு வேண்டாம் என்று பதில் வந்தது.