உள்பக்கத் தையலில் இருக்கும் சீட்டு

ஷாங்காயின் ஹுவாய்ஹாய் சாலையில் ஸ்வீடன் உடை நிறுவனமான எச் அண்ட் எம் தன் முதல் சீனக் கடையை 2007-இல் திறந்தது. 2022 ஜூனில் அங்கே ஷட்டர் இறங்கியது. நடுவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கட்டாய உழைப்புப் புகார்களால் ஷின்ஜியாங் பருத்தியை வாங்க மாட்டோம் என்று அந்த நிறுவனம் முன்பு வெளியிட்டிருந்த அறிக்கையை 2021 மார்ச்சில் சீன இணையத்தில் மறுபடி கிளறினார்கள். டாவ்பாவ், ஜேடி போன்ற விற்பனைத் தளங்களில் தேடினால் அந்தப் பெயரே வராமல் போனது.

அன்றிலிருந்து சீன நகரங்களின் உடையைப் பற்றி யார் எழுதினாலும் கதையை இந்த ஒரு புள்ளியில்தான் நிறுத்துகிறார்கள்: மக்களுக்குக் கோபம் வந்தது, வெளிநாட்டு பிராண்டைக் கைவிட்டார்கள், உள்ளூர் உடை எழுந்தது. கோபம் இருந்தது உண்மை. ஆனால் வெளிநாட்டு உடை பிராண்டுகளான நியூ லுக் 2018-லும், ஃபாரெவர் 21 2019-லும், ஓல்ட் நேவி 2020-லும் சீனாவை விட்டுக் கிளம்பின. அவற்றை யாரும் புறக்கணிக்கச் சொல்லவில்லை. ஜப்பானிலிருந்து 2002-இல் வந்த யூனிக்ளோவோ 900-க்கும் மேற்பட்ட கடைகளோடு வளர்ந்தது. கோபத்தை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் இது நேராகாது. மீதிக் காரணத்தைத் தேட வேண்டிய இடம் சட்டையின் உள்பக்கம்.

சீனாவில் விற்கும் ஒரு சட்டையைப் புரட்டிப் பக்கவாட்டுத் தையலில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். 160/84ஏ என்பது போல ஓர் எண் இருக்கும். ஜிபி/டி 1335 என்ற தேசிய அளவுத் தரத்தின்படி எழுதியது அது. முதல் எண் உயரம், அடுத்தது மார்புச் சுற்றளவு, இரண்டும் செ.மீ. கணக்கில். கடைசி எழுத்து உடல்வாகு. பெண்களுக்கு மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம் 19 முதல் 24 என்றால் ஒய், 14 முதல் 18 என்றால் ஏ, 9 முதல் 13 என்றால் பி, 4 முதல் 8 என்றால் சி. ஆண்களுக்கு இதே எழுத்துகள், எண்கள் மட்டும் இரண்டிரண்டு குறைவு. உயரம் 5 செ.மீ. படியாகவும் மார்பு 4 செ.மீ. படியாகவும் ஏறும். பெண்கள் மேலுடையில் 160/84ஏ என்பது ‘எம்’. பேன்ட், பாவாடை என்றால் இரண்டாவது எண் இடுப்பைக் குறிக்கும், அதனால் அங்கே 160/68ஏ. ஆண்கள் சட்டையில் ‘எம்’ 170/88ஏ.

இதில் வாங்குபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்த 84 உங்கள் உடம்பின் அளவு, சட்டையின் அளவு இல்லை. ஒட்டிய சட்டைக்கு அதோடு 6 செ.மீ. தளர்வு விடுவார்கள், தொளதொள மாடலுக்கு 25 கூட விடுவார்கள். இரண்டிலும் சீட்டில் 84 என்றே இருக்கும். இணையத்தில் வாங்கும்போது கீழே தனி அட்டவணையில் போட்டிருக்கும் ‘உடையின் அளவை’ப் பார்க்காமல் சீட்டு எண்ணை மட்டும் நம்பினால் பார்சலைத் திருப்பி அனுப்புவது நிச்சயம்.

வெளிநாட்டு பிராண்டு சீனாவில் கால் வைக்கும்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, பேட்டர்னையே, அதாவது துணி வெட்டும் வரைவையே, புதிதாகப் போடுவது. இன்னொன்று, ஐரோப்பிய அளவான 38-க்குப் பக்கத்தில் ஒரு சீன எண்ணை அச்சிட்டு விடுவது. இரண்டாவதற்குச் செலவு கிடையாது, அதனால் பலரும் அதையே செய்தார்கள். சட்டையில் அது கை நீளத்தோடும் தோள் இறக்கத்தோடும் போய்விடும், ஓரளவு சமாளிக்கலாம். பேன்ட்டில் மாட்டிக்கொள்ளும். உயரமானவருக்குப் போட்ட பேட்டர்னில் கால் நீளம் 5 செ.மீ. கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். டெய்லர் கீழே 5 செ.மீ. வெட்டித் தருவார். ஆனால் அந்த நீளத்தில் பாதி முழங்காலுக்கு மேலே இருந்தது. முழங்காலுக்காகக் குறுக்கிய இடம் இப்போது உங்கள் முழங்காலுக்கு இரண்டரை செ.மீ. கீழே வந்து நிற்கும். கீழே விரியும் மாடலாக இருந்தால் விரிவும் வெட்டோடு போய்விடும். முன் இடுப்புக்கும் கால் பிரியும் இடத்துக்கும் இடைப்பட்ட உயரத்தை எந்த டெய்லராலும் பிறகு எளிதாகக் குறைத்துத் தர முடியாது. ஜப்பானிய உடம்புக்கு வெட்டிய பேட்டர்ன் ஷாங்காய், ஹாங்சோ உடம்புக்கு அருகில் உட்கார்ந்தது. யூனிக்ளோவின் வளர்ச்சியில் விலைக்கும் அடிப்படை மாடல்களுக்கும் கொடுக்கும் மதிப்பை இந்த வெட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

சீட்டில் இன்னொரு வரியும் இருக்கும்: துணியின் பாதுகாப்புத் தரமான ஜிபி 18401, பக்கத்தில் ஏ, பி அல்லது சி. மூன்று வயது வரையான குழந்தை உடைக்கு ஏ (துணியில் தங்கும் ஃபார்மால்டிஹைடு ரசாயனம் ஒரு கிலோ துணிக்கு 20 மி.கி. வரை), தோலில் படும் உடைக்கு பி (75 வரை), மேலே போடும் கோட்டுக்கு சி (300 வரை). இந்த வரி இல்லாத பெரியவர் உடையை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், எடுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது வேகம். குவாங்சோவில் சோங்தா துணிச் சந்தையும், ஷிசான்ஹாங் மொத்த விற்பனைக் கட்டடங்களும், பான்யு பக்கத்துத் தையல் பட்டறைகளும் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. காலையில் துணி, மதியம் மாதிரி, சில நாளில் சரக்கு. 100, 200 உருப்படி மட்டும் தைத்து விற்றுப் பார்ப்பார்கள், ஓடினால் உடனே மறு ஆர்டர். இணையத்தில் உடை விற்கும் ஷீன் உலகம் முழுக்க வளர்ந்தது இந்த முறையில்தான். ஆறு மாதம் முன்னால் திட்டமிட்டுக் கப்பலேற்றும் பிராண்டு இதோடு ஓடி ஜெயிக்க முடியாது.

இந்த வேகத்துக்கு வாங்குபவர் கொடுக்கும் விலை வேறு. முதல் லாட் துணி தீர்ந்துவிட்டால் மறு ஆர்டருக்கு அதே துணி கிடைக்காது. சாயம் ஒரு பிடி மாறும், பருத்தி கலந்த துணிக்குப் பதில் முழு பாலியஸ்டர் வரும், படம் மட்டும் பழையதே இருக்கும். ‘முன்பதிவு, 15 நாளில் அனுப்பப்படும்’ என்றிருக்கும் உடைகளில் இந்த ஆபத்து அதிகம். இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 7 நாளில் திருப்பும் உரிமை 2014 மார்ச்சிலிருந்து சட்டத்தில் இருப்பதால், போட்டுப் படம் எடுத்துவிட்டுத் திருப்புபவர்களும் பெருகினார்கள். அதைத் தடுக்க விற்பவர்கள் ஏ4 தாள் அளவுக்கு விலைச்சீட்டைத் தொங்கவிட ஆரம்பித்தார்கள். அதைக் கழற்றாமல் வெளியே நடக்க முடியாது, கழற்றினால் திருப்ப முடியாது.

‘குவோச்சாவ்’, அதாவது ‘நாட்டு அலை’ என்ற சொல் நகரமெங்கும் பரவியது 2018 பிப்ரவரிக்குப் பிறகு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வாங்கிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் லி நிங் 1990-இல் தொடங்கிய நிறுவனம் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் மேடையேறியது. ‘சீனா லி நிங்’ என்று நான்கு எழுத்து, சிவப்பும் மஞ்சளும். தக்காளி போட்டு வதக்கிய முட்டையின் நிறம் என்று சீனாவில் செல்லமாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஹூடி போடும் கம்பெனி எல்லாம் மார்பில் டிராகனும் கொக்கும் அச்சடித்தது. லி நிங் செய்தது துணிச்சலான காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மற்றவர்கள் அடித்தது அதே அமெரிக்க ஹூடி, அதே தோள், அதே கழுத்து, மேலே ஒரு படம். படம் மூன்று சலவையில் வெடித்தால் அடையாளமும் அதோடு போகும். வெட்டே மாறியது எங்கே என்று கேட்டால், குதிரைமுகப் பாவாடையில். மாமியென்ச்சுன் என்பது சீனப் பெயர், மிங் அரச வம்சக் காலத்தில் வழங்கிய உடை.

இதைச் சற்று நின்று பார்க்கலாம். இது வளையமாகத் தைத்த பாவாடை கிடையாது, சுற்றிக் கட்டுவது. இரண்டு தனித் துணிகள், ஒரே இடுப்புப் பட்டி. ஒவ்வொரு துணியிலும் இரு முனையில் மடிப்பே இல்லாத தட்டையான பலகை, நடுவில் கொசுவம். ‘குதிரைமுகம்’ என்பது அந்தத் தட்டைப் பலகைதான். மொத்தம் நான்கு பலகை. கட்டிய பிறகு முன்னால் இரண்டு ஒன்றின்மேல் ஒன்றும், பின்னால் இரண்டு அதேபோலவும் விழும், வெளியே தெரிவது இரண்டே.

கணக்கு எளிது. இடுப்பு 68, பலகை அகலம் 20 என்றால், சுற்றளவில் இரண்டு பலகை 40 போக மீதி 28. இடப்பக்கம் 14, வலப்பக்கம் 14 கொசுவத்துக்கு. இடுப்புப் பட்டியை விரித்து வைத்தால் இடுப்போடு ஒரு பலகை அகலம் கூட்டி 88 வர வேண்டும். கூடுதல் 20 முனைப் பலகைகள் ஒன்றையொன்று மூடுவதற்கு. 68-க்கே பட்டி வெட்டிவிட்டால் முன்பக்கம் காற்றில் திறந்துகொள்ளும். வீட்டில் தைத்துப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தப்பு அது. இரண்டாவது, துணியில் கஞ்சத்தனம். நல்ல பாவாடையின் கீழோரத்தை விரித்தால் 4 மீட்டரை ஒட்டி வரும். அதில் பலகைகள் போக மீதி அத்தனையும் மேலே 28 செ.மீ.-க்குள் அடங்க வேண்டும் என்பதால் மடிப்பு மடிப்பின்மேல் ஏறும், வீட்டுத் தையல் மெஷினில் ஊசி முறியும். மலிவான சரக்கில் மடிப்பைக் குறைத்து விடுவார்கள். நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. படியேறும்போது பாவாடை விரியாமல் முழங்காலில் பிடிக்கும்.

நீளம் கூடிவிட்டால் கீழே வெட்டலாமா? கூடாது. கீழோரத்திலும் முழங்கால் மட்டத்திலும் ஜரிகைக் கரை துணியோடு நெய்து வருவது. பட்டுச் சேலையின் கரையை யாராவது வெட்டுவார்களா? இடுப்புப் பட்டியைப் பிரித்து மேலே குறைத்துத் திரும்பத் தைக்க வேண்டும். குறைத்த பிறகு முழங்கால் கரை நான்கு பலகையிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பட்டி வழக்கமாக வெள்ளைப் பருத்தி, தலை நரைக்கும் வரை சேர்ந்து வாழ்வது என்ற பொருள் சொல்வார்கள். ஜரிகைத் துணியைவிடப் பருத்தி இடுப்பில் வழுக்காமல் பிடிக்கும், நடைமுறையில் முக்கியம் அது.

சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஷான்டோங் மாகாணத்தின் சாவ் மாவட்டத்தில் தைத்தது, பாலியஸ்டர் ஜக்கார்டு. வடக்கு நகரங்களின் வறண்ட குளிரில் இந்தத் துணி மின்னேற்றம் பிடித்துக் காலோடு ஒட்டும். உள்ளே பருத்தி உள்பாவாடை போட்டால் போதும். நான்ஜிங்கின் கைத்தறி ஜரிகைப் பட்டான யுன்ஜின் என்று சொல்லி மலிவாக விற்பதை நம்ப வேண்டாம். இரண்டு பேர் ஒரே தறியில் உட்கார்ந்து ஒரு நாளில் 5, 6 செ.மீ. நெய்யும் துணி அது.

2022 ஜூலையில் டியோர் 3,800 டாலருக்கு விற்ற ஒரு மடிப்புப் பாவாடையை இதன் நகல் என்று சொல்லிச் சீன மாணவர்கள் பாரிஸ் கடை முன்னால் நின்றார்கள். டியோர் அதைத் தன் அடையாள வடிவம் என்று விவரித்திருந்தது. அந்தச் சர்ச்சையால் நடந்த நல்ல காரியம், நகரத்துப் பெண்கள் லோகோவை விட்டுவிட்டு நான்கு பலகை, ஒரு பட்டி, மடிப்பின் திசை என்று பேச ஆரம்பித்தது. பிறகு சாதாரண வெள்ளைச் சட்டையோடு அதைக் கட்டி அலுவலகம் போனார்கள். எனக்கு அதுதான் பெரிய மாற்றமாகத் தெரிகிறது.

அதே சமயம் ‘கலப்பில்லாத உள்ளூர் உடை’ என்ற பேச்சை ஏற்க முடியவில்லை. ஷாங்காயில் மேல்நாட்டு சூட் தைக்கக் கற்றது நிங்போ ஊர் டெய்லர்கள், ‘செங்குழு’ என்று பெயர். மாவோ கோட் என்று வெளியே பெயர் பெற்ற ஜோங்ஷான் கோட்டும் அவர்கள் தைத்ததுதான். 1920-களில் தட்டையாக வெட்டிய ச்சிபாவில் (உயர்ந்த கழுத்துள்ள சீன நீள் கவுன்) பின்னாளில் உடம்போடு ஒட்ட டார்ட் பிடித்ததும், கையைத் தனியாக வெட்டி ஏற்றியதும் மேல்நாட்டுத் தையலிலிருந்து வந்தவை. இப்போது அதன் மறுபக்கம் நடக்கிறது. சீனாவில் ஃபிலா கடை என்றால் 2009 முதல் ஃபுஜியான் மாகாணத்தின் ஆன்டா நிறுவனம் நடத்துவது. அமெரிக்காவின் கேப் 2022-இல் தன் சீன வியாபாரத்தை ஷாங்காயின் பாவ்சுன் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. கடைப் பலகையில் வெளிநாட்டுப் பெயர், உள்ளே கத்தரி பிடிப்பது உள்ளூர்க் கை.

உள்ளூர் வடிவமைப்பாளர்கள் விரும்பி எடுக்கும் ஒரு துணியை எந்தப் பெரிய பிராண்டாலும் ஆயிரம் கடைக்கு நிரப்ப முடியாது. ஷுண்டெ பகுதியின் சியாங்யுன்ஷா, சேற்றுப் பட்டு. வள்ளி இனக் கிழங்கு ஒன்றின் துவர்ப்புச் சாற்றில் பட்டுத் துணியை நனைத்து, புல்தரையில் விரித்துக் காயவைத்து, திரும்பவும் நனைத்து, இப்படிப் பல முறை. கடைசியில் விடியும் முன்னால் ஆற்றுச் சேற்றை ஒரு பக்கம் மட்டும் பூசிக் கழுவுவார்கள். சேற்றிலிருக்கும் இரும்பு துவர்ப்போடு சேர்ந்து அந்தப் பக்கம் கறுக்கும், மறுபக்கம் காவிப் பழுப்பாகவே நிற்கும். கலம்காரியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பதும் இதே வேலைதான். வெயிலை நம்பிய தொழில் என்பதால் ஏப்ரலிலிருந்து இலையுதிர் காலம் வரைதான் நடக்கும். ஒரு லாட்டும் அடுத்த லாட்டும் நிறத்தில் ஒன்றாக இருக்காது.

வாங்கினால் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் அது மெஷின் சாயம். குளிர்ந்த நீரில் சோப்பு இல்லாமல் அலசுங்கள், தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். மடித்து அடுக்கினால் மடிப்புக் கோட்டில் கறுப்பு உதிர்ந்து பழுப்பு தெரியும், அதனால் ஹேங்கரில் மாட்டுங்கள். புதிதில் காகிதம் போலச் சரசரக்கும். இரண்டு கோடை உடுத்திய பிறகு சத்தம் அடங்கும், துணி இளகிக் குளிர்ச்சியாக உடம்பில் விழும்.